மண்ணின் ஒளியும் வியாபாரியின் தராசும்

களிமண் காயும்போது அதிலிருந்து ஒளி புறப்படுகிறது. இந்தச் செய்தியைக் கேட்டதும் சிரித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு, "சுப்ஹானல்லாஹ்!" என்று கையை உயர்த்துகிறவர்களும் உண்டு. இரண்டு சாராருக்கும் நாம் சொல்வது, அவசரம் வேண்டாம் என்பதே. முதலில் சரக்கைப் பிரித்துப் பார்ப்போம். விலை பேசுவது பிறகு.

சகோதரர்களே! நம் கடைகளில் களிமண் இல்லாத கடை எது? முகத்தில் பூசப் பெண்கள் வாங்கிச் செல்லும் முல்தானி மட்டி ஒரு களிமண். நாமக்கட்டி என்று வெள்ளைக் கட்டியாக விற்பதும் ஒருவகை வெள்ளை மண்தான். தேநீர் ஊற்றும் பீங்கான் கோப்பை மண். விலைப்பட்டியல் அச்சடிக்கிற வழவழப்பான காகிதத்தின்மேல் பூசியிருப்பதும் மண். இந்தக் கடைசி வகை வெள்ளை மண்ணுக்குக் கயோலின் என்று பெயர். சீனத்தில் பீங்கானுக்குப் பெயர்போன சிங்தேசென் நகரின் பக்கத்திலுள்ள காவ்லிங் என்ற இடத்தின் பெயரே திரிந்து அப்படியாயிற்று. அதைத் தேடி நாம் சீனத்துக்குப் போகவேண்டியதில்லை. பேராக்கில் தாப்பா, பீடோர் பக்கத்தில் வெட்டி எடுக்கிறார்கள். ஆண்டாண்டு காலமாகக் கருங்கல் மழையில் நனைந்து, மக்கி, உதிர்ந்து இந்த மண்ணாகிறது.

1981ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் ஆங்கில விஞ்ஞானப் பத்திரிகையில் லெலியா கோய்ன், நோவாம் லாஹவ், ஜேம்ஸ் லாலெஸ் என்ற மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்க அரசின் விண்வெளி நிலையமான நாசாவுக்குக் கலிபோர்னியாவில் ஏம்ஸ் என்ற ஆராய்ச்சிக்கூடம் ஒன்று உண்டு. இந்த வேலை அதைச் சார்ந்து நடந்தது. தண்ணீர் விட்டுக் குழைத்த களிமண்ணைக் காயவிட்டு, காயும்போது அது ஒளி விடுகிறதா என்று கருவி வைத்து எண்ணினார்கள். விடுகிறது என்று கண்டார்கள். மறு ஆண்டில் அம்மூவரே வேறொரு பத்திரிகையில், மண்ணை அரைத்தால் உண்டாகும் ஒளி அரைத்து முடித்த பின்னும் நீடித்திருப்பதைப் பற்றி எழுதினார்கள்.

இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. நல்ல இருட்டறையில் உட்கார்ந்து விடிய விடியப் பார்த்தாலும் தெரியாது. ஒளியின் மிகச் சிறு துணுக்குகளை ஒவ்வொன்றாக எண்ணக்கூடிய நுட்பமான கருவிக்குத்தான் தெரியும். 'மண் விளக்குப்போல் ஒளிர்கிறது' என்று எவராவது சொன்னால், அவர் சரக்கில் தண்ணீர் கலந்துவிட்டார் என்று அறிக.

கண்ணுக்குத் தெரிகிற ஒன்று வேண்டுமானால் கற்கண்டு இருக்கிறது. கடையை அடைத்தபின் சரக்கறையில் விளக்கை அணைத்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை பத்து நிமிஷம் பொறுத்து, பெரிய கற்கண்டுக் கட்டியைக் குறட்டால் நொறுக்கிப் பாருங்கள். நொறுங்கும் இடத்தில் மங்கலான நீல நிறத்தில் ஒரு மின்னல் ஓடும். இது புதுச் செய்தியன்று. இங்கிலாந்துக்காரர் பிரான்சிஸ் பேக்கன் 1620ல் வெளியிட்ட நூலிலேயே, கெட்டிச் சர்க்கரையை இருட்டில் உடைத்தாலும் கத்தியால் சுரண்டினாலும் மின்னுகிறது என்று எழுதிவைத்தார். சர்க்கரைப் படிகம் பிளக்கும்போது இரு பக்கமும் மின்னூட்டம் பிரிந்து, இடையிலுள்ள காற்றில் தாவுகிறது. அதுவே அந்த நீலப் பொறி. நாம் பெட்டி கட்ட உபயோகிக்கும் ஒட்டு நாடாவும் அப்படித்தான். இருட்டில் சுருளிலிருந்து வெடுக்கென்று இழுத்தால் பிரியும் ஓரத்தில் மெல்லிய ஒளி தோன்றும். அதே நாடாவைக் காற்று நீக்கிய அறைக்குள் வைத்துப் பிரித்தால் எக்ஸ்ரே கதிர்களே வருகின்றன என்று கலிபோர்னியாவில் 2008ல் காட்டினார்கள். அந்தக் கதிரைக்கொண்டு ஒரு விரலின் எலும்பைப் படம் பிடித்தும் விட்டார்கள். நாம் ஒரு நாளைக்கு எத்தனை முழம் நாடா இழுக்கிறோம்! கடையில் காற்று இருப்பதால் பயமில்லை.

சர்க்கரை உடைவதால் மின்னுகிறது. மண் ஏன் காய்வதால் மின்னவேண்டும்? நமக்கு ஆங்கிலம் இன்வாய்ஸ் படிக்கும் அளவுக்குத்தான் வரும். ஆகையால் பள்ளி ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவரைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டோம். அவர் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறோம்.

களிமண் என்பது மணலைப்போல் உருண்டை மணியன்று. மிக மெல்லிய தகடுகளின் அடுக்கு. அப்பளக் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறு பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, அதைவிடவும் சிறியவை இந்தத் துகள்கள். அடுக்குகளுக்கிடையிலும் மேலும் கீழும் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். ஈர மண் வழுக்குவதும், குயவர் நினைத்தபடி வளைவதும் அதனால்தான். தண்ணீர் வெளியேறும்போது தகடுகள் ஒன்றையொன்று நெருக்கும், வளையும், விரிசல் விடும். இது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. மண்ணிலும் பாறையிலும் இயற்கையாகவே கதிர்வீசும் பொருள்கள் சிறிதளவு கலந்திருக்கின்றன. அவை ஓயாமல் வீசும் கதிரின் சக்தியில் ஒரு துளி, படிகத்தின் குறைபாடுள்ள இடங்களில் போய்ச் சிக்கிக்கொள்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அங்கேயே கிடக்கிறது. சிக்கிய சக்தி ஏதாவது ஒரு அசைவில் விடுபட்டால் ஒளியாக வெளியேறும். காயும் மண்ணில் இந்த இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன என்பது ஆராய்ந்தவர்களின் அபிப்பிராயம்.

சக்தி சிக்கிக்கிடக்கிறது என்பது வெறும் கற்பனையன்று. பழைய மண்பானையின் வயதை அதைக்கொண்டே கணக்கிடுகிறார்கள். சூளையில் சுட்ட அன்று பானையின் இருப்பு முழுவதும் தீர்ந்து, கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. அன்று முதல் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. இன்று அதிலிருந்து சிறு துணுக்கெடுத்து ஆய்வுக்கூடத்தில் மறுபடி சூடேற்றினால், சேர்ந்ததெல்லாம் ஒளியாக வெளிவரும். ஒளி எவ்வளவோ அதற்கேற்ற வயது. 1960களிலிருந்து இந்த முறை கையாளப்படுகிறது. பழம்பொருள் வியாபாரத்தில், நேற்றுச் சுட்ட பொம்மையை ஆயிரம் வருஷத்துப் பொம்மை என்று விற்கிறவனை இந்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். நமக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். மனிதன் பொய் ரசீது எழுதலாம். பானை தன் ரசீதைத் தானே வைத்திருக்கிறது.

இனி விவகாரத்துக்கு வருவோம்.

இந்த ஒளி ஆராய்ச்சியை அவர்கள் ஏன் செய்தார்கள் என்றால், உயிர் இந்தப் பூமியில் எப்படித் தொடங்கியது என்ற கேள்விக்காக. முதல் உயிர்ப்பொருள்கள் உருவாகக் களிமண் உதவியிருக்கலாம் என்று ஜே. டி. பெர்னால் என்ற அறிஞர் 1947லேயே சொன்னார். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இருந்த கேர்ன்ஸ்-ஸ்மித் என்பவர் 1960கள் தொட்டு, களிமண் படிகங்களே முதல் மரபுப் பொருளாக இருந்திருக்கலாம் என்று ஒரு கொள்கை கட்டி நூல்களும் எழுதினார். மேற்சொன்ன லாஹவ் 1978ல் வேறு இருவருடன் சேர்ந்து, களிமண்ணோடு ஒரு சிறு அமிலப் பொருளைக் கலந்து நனைப்பதும் காயவைப்பதுமாக மாறி மாறிச் செய்து பார்த்தார். தனித்தனி மணிகளாக இருந்தவை இரண்டும் மூன்றுமாகக் கோத்துக்கொண்டன. மண்ணில் சக்தியைச் சேமிக்கும் குணமும் இருக்கிறது என்றவுடன் 1985ல் அமெரிக்கப் பத்திரிகைகள், உயிர் கடலில் அல்ல, களிமண்ணில் தோன்றியிருக்கலாம் என்று பெரிதாகப் போட்டன. அதற்குப் பிறகும் வேலை நடந்தது. 1996ல் ஒரு வகைக் களிமண்ணின்மேல் ஐம்பதுக்கும் மேற்பட்ட கண்ணிகள் கொண்ட சங்கிலியை உருவாக்கினார்கள். 2003ல், உயிரணுவின் உறைபோன்ற சிறு குமிழ்கள் உண்டாவதை அதே வகை மண் விரைவுபடுத்துகிறது என்று கண்டார்கள். ஆயினும் உயிர் தோன்றிய விதம் இதுதான் என்று இன்றுவரை முடிவாகவில்லை. ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுக்களில் தோன்றியது என்பார் ஒரு சாரார். வற்றி நிறையும் குட்டைகளில் என்பார் இன்னொரு சாரார். கேர்ன்ஸ்-ஸ்மித்தின் படிகக் கொள்கை நிரூபணம் ஆகவில்லை.

இந்தச் செய்தி சில மாதங்களுக்கு முன் நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் காதுக்கு எட்டியது. தர்ம சிந்தை உள்ளவர், சந்தா பாக்கி வைக்காதவர், நாம் மதிக்கிறவர். ஆதம் (அலை) அவர்கள் மண்ணால் படைக்கப்பட்டார்கள் என்ற திருமறையின் கூற்றை விஞ்ஞானம் ஒப்புக்கொண்டுவிட்டது, மண்ணில் ஒளியையும் கண்டுவிட்டது என்று ஒரு துண்டுப்பிரசுரம் அச்சிட்டு, நம் கடைகளில் சாமானோடு சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்று அவர் விரும்பினார். அச்சுச் செலவு தம்முடையது என்றார். பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒரு பையன் அப்போது உடனிருந்தான்.

"மாமா, அவர்கள் அப்படி ஒன்றும் சொல்லவில்லையே" என்றான் அவன்.

பெரியவர் கோபிக்கவில்லை. "தம்பி, நல்ல காரியத்துக்குக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன குற்றம்? உன் வயசுப் பிள்ளைகள் பள்ளிவாசல் பக்கம் வருவதில்லை. விஞ்ஞானம் என்றால்தான் காது கொடுக்கிறார்கள். இதைப் பார்த்து ஒருவன் திருந்தினாலும் நமக்கு நன்மைதானே?" என்றார்.

இது அற்பமான கேள்வியன்று. நம் பிள்ளைகளைப் பற்றிய கவலை அந்தப் பெரியவருக்கு மட்டும் உரியதா? கடையும் வேண்டாம், சங்கமும் வேண்டாம் என்று போகிற இளைஞர் இல்லாத குடும்பம் நம்மில் எத்தனை? ஒரு உண்மையை உயர்த்திப் பிடிப்பதற்காகச் சிறிது மிகைப்படுத்துவது ஆகுமா, ஆகாதா என்பதே கேள்வி. நோக்கம் நல்லதாயிருக்கும்போது எடை சற்றுக் கூடினால் பாவமா?

இதற்கு நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே விடை இருக்கிறது. ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில் பெருமானாரின் குழந்தை இப்ராஹீம் மறைந்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. மக்கள் என்ன சொன்னார்கள்? இந்தக் குழந்தையின் மறைவுக்காகவே சூரியன் இருண்டது என்றார்கள். யோசித்துப் பாருங்கள்: மகனைப் பறிகொடுத்த தகப்பனார், சுற்றிலும் அன்பு கொண்ட மக்கள், அவர்கள் தாமாகவே, கேட்காமலே கொண்டுவந்து கொடுக்கும் அத்தாட்சி. வாய் திறவாமல் இருந்திருந்தால் போதும், எத்தனையோ பேர் அதனாலேயே ஈமான் கொண்டிருப்பார்கள். பெருமானாரோ எழுந்து, சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள் என்றும், எவருடைய மரணத்துக்காகவோ பிறப்புக்காகவோ அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்றும் பகிரங்கமாக அறிவித்துவிட்டார்கள். தமக்குச் சாதகமான பொய்ச் சாட்சியத்தை, அதுவும் துக்க நாளில், தாமே தள்ளுபடி செய்தார்கள். இதற்குமேல் நமக்கு என்ன ஃபத்வா வேண்டும்?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் கிரகணத்தைக்கொண்டே இதை எடுத்துக்காட்டினார்கள். மார்க்கத்துக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு கணிதக்காரர் நிரூபித்த ஒன்றை மறுக்கிற மூட சிநேகிதன், பகைவனைவிட அதிகமாக மார்க்கத்தைக் கெடுக்கிறான் என்பது அவர்கள் கருத்து. அவன் மறுத்ததால் கெடுத்தான். நாம் கூட்டிச் சொல்வதால் கெடுக்கிறோம். வாசல் வேறு, வீடு ஒன்றே.

வியாபாரிக்கு இதை வேறு விதமாகவும் சொல்லலாம். அளவையில் மோசம் செய்வோரைத் திருமறை கண்டிக்கிறது. வாங்கும்போது நிறைய அளந்துகொண்டு, கொடுக்கும்போது குறைக்கிறவர்கள் அவர்கள். ஷுஐப் நபி (அலை) அவர்களின் மக்கள் அளவையில் மோசம் செய்தே அழிந்த கதையும் நமக்குத் தெரியும். நாம் இதை அரிசிக்கும் பருப்புக்கும் மட்டும் என்று நினைத்திருக்கிறோம். காத்தி போய்க் கிலோ வந்து, தராசு போய் மின்சாரத் தட்டு வந்தபின், நமக்கும் அந்தக் கண்டிப்புக்கும் சம்பந்தமில்லை என்றும் சிலர் எண்ணுகிறார்கள். ஆனால் பேச்சிலும் இரண்டு படி வைத்திருக்கிறோமே! விஞ்ஞானி நமக்குப் பிடிக்காததைச் சொன்னால், 'சாட்சி எங்கே? நிரூபணம் எங்கே? இது வெறும் ஊகம்' என்று குண்டுமணிக் கணக்குப் பார்க்கிறோம். பிடித்ததைச் சொன்னாலோ, கால் வீசையை ஒரு வீசை என்று எழுதிக்கொள்கிறோம். அளவைக்காரன் ஒருவனே, படி இரண்டு.

இன்னும் ஒன்று. உயிர் மண்ணில் தொடங்கியிருக்கலாம் என்று சொன்னவர்கள் எதைச் சொன்னார்கள்? மிக நுண்ணிய முதல் உயிர்ப்பொருள் கோடானுகோடி ஆண்டுகளுக்கு முன் ஈர மண்ணில் சிறுகச் சிறுகக் கூடியிருக்கலாம் என்று சொன்னார்கள். மனிதனைப் பற்றியோ ஆதம் நபியைப் பற்றியோ அவர்கள் பேசவேயில்லை. 'மண்' என்ற ஒரு சொல்லை மட்டும் வெட்டி எடுத்து, மீதியை மறைத்து, அவர்கள் பெயரையும் போட்டுப் பிரசுரம் கொடுப்பது எப்படியென்றால், ஒரு கம்பெனியின் லேபிளைக் கிழித்து நம் டப்பாவில் ஒட்டுவது போல. அதற்கு நம்மிடையே என்ன பெயர் என்று சொல்லவேண்டியதில்லை. முல்தானி மட்டி வாங்க வருகிறவர், 'இது முகத்தைச் சிவப்பாக்குமா?' என்று கேட்டால், 'எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், அவ்வளவுதான்' என்று சொல்லித்தானே கொடுக்கிறோம்? அந்த யோக்கியதை மூன்று வெள்ளி மட்டிக்கு உண்டு, மார்க்கத்துக்கு இல்லையா?

பெரியவர் கேட்டதில் நியாயம் இருக்கும் பாகமும் உண்டு, அதைத் தட்டிவிடக்கூடாது. பிள்ளைகளுக்கு என்னதான் சொல்வது? நடந்ததை நடந்தபடி சொல்லலாம். காயும் களிமண் கண்ணுக்குத் தெரியாத ஒளியை விடுகிறது; அதை எண்ணினார்கள்; அதன் பொருள் என்ன என்பதை இன்னும் ஆராய்கிறார்கள். இதைக் கேட்கும் பையன் மண்ணைப் பார்த்து வியந்தால் அந்த வியப்பு அவனுக்குச் சொந்தம். கூட்டிச் சொல்லி வரவழைத்த ஈமான், ஆய்வுக்கூடத்தில் அடுத்த ஆண்டு வேறொரு முடிவு வந்தவுடன் ஆட்டங்காணும். அப்போது அவன் விஞ்ஞானியைக் கோபிக்கமாட்டான்; நம்மைத்தான் கோபிப்பான். நம் பையன்கள் முட்டாள்கள் அல்லர். அந்தப் பாலிடெக்னிக் பையன் பிரசுரத்தின் வரைவைப் படித்து முடிப்பதற்குள் இரண்டு பிழை கண்டுபிடித்துவிட்டான்.

மண்ணின் ஒளியைப் பற்றி வேறொரு பேச்சும் அன்று எழுந்தது. அதுவே நம் மனத்தை அதிகம் அலைக்கழித்தது.

உடனிருந்த வேறொரு சகோதரர் சொன்னார்: "பிரசுரம் கிடக்கட்டும். இப்லீஸுக்கு நல்ல பதில் கிடைத்துவிட்டதே! தான் நெருப்பால் ஆனவன், ஆதமோ மண்ணால் ஆனவர் என்றுதானே சுஜூது செய்ய மறுத்தான்? மண்ணுக்குள்ளும் ஒளி இருக்கிறது என்று இப்போது தெரிந்துவிட்டதே!" எல்லாரும் மகிழ்ந்தார்கள். நமக்கும் அது முதலில் இனிப்பாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது வேறு விதமாகத் தோன்றியது. இப்லீஸின் தவறு என்ன? மண்ணைக் குறைவாக எடை போட்டது மட்டுமா? மண்ணில் ஒளி இருப்பது தெரிந்திருந்தால் அவன் பணிந்திருப்பான் என்றால், அவன் குற்றம் வெறும் தகவல் குறைவாகிவிடும். அது அப்படியன்று. ஒருவரின் தகுதியை அவர் எந்தப் பொருளால் ஆனவர் என்பதைக்கொண்டு நிறுத்ததே அவன் குற்றம். முதன்முதல் தவறான கியாஸ் செய்தவன் அவனே என்று முன்னோர்களான ஆலிம்கள் சொல்லியிருக்கிறார்கள். மண்ணில் ஒளி உண்டு, ஆகையால் மண் தாழ்ந்ததில்லை என்று நாம் வாதாடினால், அவனுடைய தராசையே கையில் எடுத்து, நம் தட்டில் இன்னொரு எடைக்கல்லை வைக்கிறோம். தராசு அவனுடையதாகவே இருக்கிறது. ஆதம் (அலை) அவர்களுக்குக் கண்ணியம் வந்தது களிமண்ணின் சிறப்பாலா? அவர்களுக்கு ரூஹை ஊதியதும், பொருள்களின் பெயர்களையெல்லாம் கற்றுக்கொடுத்ததும் அல்லாஹ் தஆலா. மலக்குகள் பணிந்தது கட்டளைக்கு. மண் சோதித்துப் பார்த்து யாரும் பணியவில்லை.

நெருப்பு அழிக்கும், மண் விதையை வளர்க்கும்; நெருப்புக்குப் பதற்றம், மண்ணுக்குப் பொறுமை என்று விரிவுரையாளர்கள் சிலர் பதில் எழுதியிருப்பதை நாம் அறிவோம். பெரியோர்கள், அவர்கள் முன் நாம் மக்தப் பிள்ளை. எதிரியை அவன் சொல்லாலேயே மடக்க அந்தப் பதில் நல்ல பதில். ஆனால் மடக்கியபின் அந்தத் தராசை உடைக்காமல் வீட்டுக்கு எடுத்து வந்தால்தான் ஆபத்து.

எடுத்து வந்திருக்கிறோம் என்பதே நம் துக்கம். சம்பந்தம் பேசும் வீட்டில் முதல் கேள்வி என்ன? பையன் தொழுகிறானா என்பதா, கடன் வைத்திருக்கிறானா என்பதா? 'எந்த ஊர்?' என்பதுதான். நம் வாப்பாமார்களும் பாட்டன்மார்களும் கப்பலில் வந்து இறங்கி மூன்று தலைமுறை ஆன பிறகும், கண்ணால் பாராத ஓர் ஊரின் மண்ணை வைத்துப் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் விலை போடுகிறோம். நிறத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். இதைச் செய்கிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். நோன்பு வைக்கிறவர்கள், ஸகாத் கொடுக்கிறவர்கள். அந்தத் தராசு வீட்டில் தொங்குவதே அவர்கள் கண்ணில் படவில்லை.

கடையில் வேலை செய்யும் ஆட்களிடமும் இதே கதை. தமிழ்நாட்டிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ பெர்மிட்டில் வருகிறவன் மூட்டை தூக்குகிறான்; கடைக்கு மேல்மாடியில் நாலு பேரோடு படுக்கிறான்; ஜமாஅத்தில் நம் தோளோடு தோள் நிற்கிறான். தொழுகை முடிந்தவுடன் அவன் வேறு மண், நாம் வேறு மண். நல்ல முதலாளிகள் நம்மில் பலர் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. அவர்களை நினைத்து ஆறுதலும் கொள்கிறோம்.

இதை வெறும் பேச்சாக விடாமல் ஒரு காரியத்தைக் குறிப்பிடுகிறோம். நம் சங்கத்தில் மையித்து உதவி நிதி ஒன்று நடந்து வருகிறது. உறுப்பினரோ அவர் குடும்பத்தாரோ காலமானால் கஃபன், வண்டி, குழி எல்லாவற்றுக்கும் அதிலிருந்து கொடுக்கிறோம். பெர்மிட்டில் வந்து இங்கேயே மறைந்துவிடும் தொழிலாளி உறுப்பினர் அல்லர், சந்தா கட்டாதவர். ஆகையால் அவருக்கு நிதி இல்லை. அந்தந்த வேளையில் ஆளுக்கு ஐந்து பத்தென்று வசூலித்துக் காரியத்தை முடிக்கிறோம். உரியவர் அயல்நாட்டில் தொலைபேசிக்கு அப்பால் அழுதுகொண்டிருக்க, இங்கே நாம் சில்லறை எண்ணிக்கொண்டிருப்போம். இந்த நிதியைத் தொழிலாளர்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்று ஒரு தீர்மானம் வரும் பொதுக்கூட்டத்தில் வரவிருக்கிறது. அந்தப் பிரசுரத்துக்குப் பணம் ஒதுக்கியிருந்த பெரியவரே அதை முன்மொழிகிறார். அச்சுக்கூலிக்கு வைத்த தொகையை முதல் நன்கொடையாகத் தருவதாகவும் சொல்லிவிட்டார்.

எதிர்ப்பும் இருக்கிறது. சந்தா ஒழுங்காகக் கட்டியவர் பணத்தைக் கட்டாதவருக்குச் செலவிடுவது அமானிதத்துக்கு மாறு என்பது அவர்கள் வாதம். அது கணக்கறிந்த வாதம். அமானிதப் பணத்தில் வியாபாரிகள் கண்டிப்பாக இருக்கவேண்டியதுதான். தனி ஏடு போட்டு, தனி வசூல் வைத்தால் அந்தக் குறை தீரும் என்பது நம் அபிப்பிராயம். குழியில் மூன்று பிடி மண் போடும்போது, எந்தப் பிடி உறுப்பினர் பிடி, எந்தப் பிடி மற்றவர் பிடி என்று நாம் பார்ப்பதில்லை. கூட்டம் வரும் மாத முதல் ஞாயிறு, அஸருக்குப் பின். கை தூக்க ஆட்கள் தேவை.